மாடியில் ஒரு கும்பகர்ணன்

தங்கள் வீட்டு மாடிப்படிகள் எத்தனை என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? நானும் எண்ணியதில்லை. ஏழு வருஷமாக அந்த வீட்டில் குடியிருக்கிறேன். தினம் ஏறி இறங்குகிறேன். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை, டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தபோது என் தாயார்தான் சொன்னாள்: "பதினேழு படிடா. பதினோராவதில்தான் கால் வழுக்கியது."

வலது மணிக்கட்டில் எலும்பு விரிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. மழையில் நனைகிற திறந்த படியில், அந்த வேளையில், எதற்காக ஏறினாள் என்கிறீர்களா? ஒரு பொத்தானை அழுத்துவதற்காக. அழுத்தச் சொன்னவன் அடியேன்.

விஷயம் இதுதான். எங்கள் மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மடியில் வைத்துக் கொள்கிற ரகம் அல்ல. பெட்டியும் திரையுமாக மேஜை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ரகம். என்னுடைய குறிப்புகள், எழுதி முடித்த கட்டுரைகள், முடிக்காத கட்டுரைகள், குழந்தையின் போட்டோக்கள், காலஞ்சென்ற என் தகப்பனாரின் பென்ஷன் காகிதங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், எல்லாம் அதற்குள்தான். காரியாலயத்தில் மாலை நாலு மணி வாக்கில் இவற்றில் ஏதாவது ஒன்று அவசரமாக வேண்டியிருக்கும். இருந்த இடத்திலிருந்தே வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எடுத்துக் கொள்ள ஒரு வசதி செய்து வைத்திருந்தேன். ஆனால் அது விழித்திருந்தால் அல்லவா புக முடியும்? ஆகவே வீட்டுக்குப் போன் செய்வேன்.

"அம்மா, கொஞ்சம் மாடிக்குப் போய் அந்தப் பொத்தானை..."

"இதோ" என்பாள்.

நாலைந்து நிமிஷத்தில் அவளே திரும்பக் கூப்பிடுவாள். "எழுப்பிவிட்டேன். சாப்பிட்டாயா?"

வாரத்தில் மூன்று நாளோ நாலு நாளோ. மூன்று வருஷம். படிகளைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "கஷ்டமாயிருந்தால் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று டாக்டர் வீட்டிலிருந்து திரும்பும்போது கேட்டேன். "இதில் என்னடா கஷ்டம்?" என்றாள், கட்டுப் போட்ட கையைப் பார்த்துக் கொண்டே.

அன்று இரவே ஒரு பிரதிக்ஞை செய்தேன். இனிமேல் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. இரவும் பகலும் எரியட்டும்! பிரதிக்ஞை இரண்டு மாதம் நின்றது. பிறகு மின்சாரக் கணக்கு வந்தது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. சீட்டை எடுத்து என் காபி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். நான் கணக்குப் போட்டேன். எங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே சுமார் 60 வாட் சாப்பிடுகிறது. ஒரு நாளைக்கு 1.44 யூனிட். அறுபது நாளைக்கு 86 யூனிட்டுக்கு மேல்! அதில் எனக்கு உபயோகமான நேரம் தினம் அரை மணிகூட இராது. யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாய் ஏறுகிற கணக்கு அது. அம்மா ஏறிய படிகள் நின்றன. மின்சாரக் கணக்கு ஏறத் தொடங்கியது.

இந்தச் சமயத்தில் பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து என் மைத்துனன் வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை. கதையைக் கேட்டுவிட்டு, "என்ன அத்தான், அணைத்து வைத்த கம்ப்யூட்டரைக் கீழேயிருந்தே எழுப்பலாமே! உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிட வேறு ஒரு கேள்வி கேட்பது கௌரவம் அல்லவா? "அணைத்து வைத்தது எப்படியப்பா காது கேட்கும்?" என்றேன்.

"அத்தை, அந்தப் பெட்டியின் பின்புறத்தில், அணைத்த பிறகும் ஒரு பச்சை விளக்கு மினுக்குமே, பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்திருக்கிறேன்" என்றாள் அம்மா உடனே. "இது ஏன் தூங்கும்போதும் கண்ணைச் சிமிட்டுகிறது என்று இவனைக் கேட்டேன். அது அப்படித்தான் என்றான்."

நேயர்களே, அந்தப் பச்சை விளக்கில்தான் முழுச் சங்கதியும் இருக்கிறது. பழைய காலத்துக் கம்ப்யூட்டர்களில் பொத்தானை அமுக்கினால் மின்சாரம் அடியோடு நின்றுவிடும். 1995ல் இன்டெல் கம்பெனியார் 'ஏ.டி.எக்ஸ்.' என்ற புதிய அமைப்பைக் கொண்டு வந்தார்கள். அதன்படி, அணைத்த பிறகும் சுவரிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம், 5 வோல்ட் அளவில், உள்ளே வந்துகொண்டே இருக்கும். எஜமான் குறட்டை விட்டுத் தூங்குகிறார். வாசல் திண்ணையில் காவற்காரன் மட்டும் விழித்திருக்கிறான். அந்தக் காவற்காரன்தான் நெட்வொர்க் கம்பி சொருகியிருக்கிற அட்டை. அவனுக்கு ஒரு வாட் இருந்தால் போதும்.

காவற்காரனுக்கு ஒரே ஓர் உத்தரவு. தெருவில் யார் எதைக் கத்தினாலும் பேசாமல் இரு. எஜமானின் பெயரைச் சொல்லி முறைப்படி கூப்பிட்டால் மட்டும் எழுப்பு. பெயர் என்றது, ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் தொழிற்சாலையிலேயே பொறித்து அனுப்புகிற 'மாக்' விலாசம். ஆறு எண்கள் கொண்டது. கூப்பிடுகிற முறைதான் வேடிக்கை. முதலில் 255 என்ற எண்ணை ஆறு தரம் சொல்ல வேண்டும். இது தொண்டையைக் கனைத்துக் கொள்கிற மாதிரி. பிறகு, மூச்சு விடாமல், பெயரைப் பதினாறு தரம் சொல்ல வேண்டும். கும்பகர்ணனை எழுப்ப யானையும் முரசும் வேண்டியிருந்ததாம். இங்கே வெறும் 102 பைட் போதும். தமிழில் முப்பத்து நாலு குறிகளுக்கு மேல் அதில் அடங்காது. தாங்கள் இப்போது படித்த வாக்கியம்கூட அதைவிடப் பெரியது!

'மாஜிக் பாக்கெட்' என்று இதற்குப் பெயர். மந்திரப் பொட்டலம் என்று வைத்துக் கொள்ளலாம். ஏ.எம்.டி. கம்பெனியும் ஹ்யூலெட் பாக்கார்டும் சேர்ந்து உண்டாக்கி 1995ல் வெளியிட்ட யோசனை. 1997ல் இன்டெலும் ஐ.பி.எம்.மும் கூட்டாக இதையே 'வேக் ஆன் லான்' என்ற பெயரில் ஊரறியச் செய்தன. அவர்கள் என் தாயாரை நினைத்துச் செய்யவில்லை. பெரிய ஆபீஸ்களில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள்; எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ராத்திரியில் அவற்றுக்குப் புதிய புரோகிராம்களை ஏற்ற வேண்டும்; ஒரு ஆள் மேஜை மேஜையாகப் போய்ப் பொத்தானை அழுத்திக் கொண்டிருக்க முடியுமா? அந்த ஆளுக்கு நேர்ந்த கஷ்டத்துக்குப் பரிகாரம் கண்டுபிடித்தார்கள். என் வீட்டில் அந்த ஆள் அம்மா. பரிகாரம் வந்து சேர இத்தனை வருஷம் ஆயிற்று. அதற்கு அவர்கள் பிணை அல்ல.

இந்தக் கூப்பாட்டை ஒருவருக்கு மட்டும் ரகசியமாய்ச் சொல்ல முடியாது. தூங்குகிற கம்ப்யூட்டர் "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று பதில் சொல்லாது அல்லவா? ஆகவே வீட்டு நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி உரக்கக் கத்த வேண்டும். டெலிவிஷனுக்கும் கேட்கும், பிரிண்டருக்கும் கேட்கும். தன் பெயர் இல்லையென்று அவை பேசாமல் இருந்துவிடும். வீட்டுக்குள் கத்துகிற சத்தம் வாசலிலுள்ள 'ரௌட்டர்' பெட்டியைத் தாண்டி வெளியே போகாது. வெளியே கத்துவதும் சாதாரணமாக உள்ளே வராது. ஆகையால் காரியாலயத்திலிருந்து நான் தொண்டை கிழியக் கத்தியும் பிரயோசனமில்லை. வீட்டுக்குள்ளேயே விழித்திருக்கும் ஓர் ஆளிடம் சொல்லி, அவனைக் கொண்டு கத்தச் சொல்ல வேண்டும்.

அந்த ஆளை மைத்துனன் சட்டைப் பையிலிருந்து எடுத்தான்! 'ராஸ்ப்பெரி பை' என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். இங்கிலாந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகட்டும் என்று 2012ல் கொண்டுவந்தது. சீட்டுக்கட்டுச் சீட்டின் நீள அகலந்தான் இருக்கும். இரண்டு மூன்று வாட்டில் இரவும் பகலும் ஓடும். இரண்டு மாதத்துக்கு நாலு யூனிட் சொச்சம். அதைக் கூடத்தில், ரௌட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். அதற்குள் ஒரே ஒரு பக்கம் தயாரித்தான். போனிலோ ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ அந்தப் பக்கத்தைத் திறந்தால், மேலே 'மாடிக் கம்ப்யூட்டர்' என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. கீழே 'எழுப்பு' என்று ஒரு பொத்தான். அழுத்தினால், குட்டி மாடியை நோக்கி மந்திரப் பொட்டலத்தை வீசும். கம்ப்யூட்டர் எழுந்ததும் புள்ளி பச்சையாகும். அவ்வளவுதான். சில ரௌட்டர் பெட்டிகளில் இந்தப் பொத்தான் உள்ளேயே இருக்கிறதாம். அப்படியிருந்தால் குட்டிகூட வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன் தேடிப் பாருங்கள்.

அழுத்தினோம். குடும்பமே கூடத்தில் மூச்சை அடக்கி நின்றது. மாடியில் நிசப்தம்.

எழுப்புவதற்கு முன் காவற்காரனை வேலைக்கு அமர்த்த வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஒரு நீலப் பக்கமோ கறுப்புப் பக்கமோ வருமே, 'பயாஸ்' என்பார்கள், அங்கே 'நெட்வொர்க் மூலம் எழலாம்' என்று அனுமதி கொடுக்க வேண்டும். அங்கேயே 'ஈ.ஆர்.பி.' என்று மின்சாரச் சிக்கனத்துக்காக ஓர் ஏற்பாடு இருக்கும்; அணைத்த யந்திரம் அரை வாட்டுக்கு மேல் தின்னக் கூடாது என்ற ஐரோப்பியச் சட்டத்துக்காக வந்தது. அது அமலில் இருந்தால் காவற்காரனுக்குச் சம்பளம் நின்றுவிடும். அதை எடுத்துவிட வேண்டும். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று இருப்பதையும் நிறுத்திவிடுவது நல்லது. முக்கியமாக, கம்ப்யூட்டருக்கு வருகிற நெட்வொர்க் கம்பியாக இருக்க வேண்டும். காற்றில் வருகிற 'வை-ஃபை' தூங்கும்போது பெரும்பாலும் காதையும் மூடிக்கொள்கிறது. நல்ல வேளையாக எங்கள் மாடிக்குக் கம்பி போட்டிருந்தது.

மறுபடி அழுத்தினோம். மாடியில் 'விர்' என்று விசிறி சுற்றியது! குழந்தை கைகொட்டினாள். ஆனால் போனில் புள்ளி சிவப்பாகவே இருந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மைத்துனனுக்கு முகம் வாடிவிட்டது. இந்தப் பொட்டலத்துக்குப் பதில் கிடையாது, கத்துவதோடு சரி. எழுந்ததா இல்லையா என்று குட்டி தனியாக "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பார்த்துத்தான் புள்ளியைப் பச்சையாக்க வேண்டும். மாடிக் கம்ப்யூட்டரோ எழுந்து உட்கார்ந்துகொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறது! விண்டோஸின் காவல் சுவர் அந்த மாதிரிக் கேள்விகளுக்கு வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்ததாம். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்று பெரியவர்கள் சொன்னது கம்ப்யூட்டருக்கும் பொருந்துகிறது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி கொடுத்த பிறகு புள்ளி பச்சையாயிற்று.

அன்றிரவு இரண்டு மணி. என் மனைவி என்னை உலுக்கினாள். "மாடியில் யாரோ நடமாடுகிறார்கள்."

நான் குழந்தையின் கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டேன். மைத்துனன் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தான், கவனியுங்கள், பின்னால். பதினேழு படியும் ஏறி அறையைத் திறந்தால், திருடன் இல்லை. கம்ப்யூட்டர் தானாக எழுந்து, திரையில் வெளிச்சம் காட்டிக்கொண்டு, விசிறியைச் சுழற்றிக் கொண்டிருந்தது. அன்று அதை முழுவதும் அணைக்காமல் உறங்க மட்டும் வைத்திருந்தோம். அந்த நிலையில் நெட்வொர்க்கில் வேறு ஏதோ சில்லறைப் பேச்சு காதில் விழுந்தாலும் காவற்காரன் எஜமானைத் தட்டி எழுப்பிவிடுகிறான். 'மாஜிக் பாக்கெட் வந்தால் மட்டும்' என்று ஒரு சிறு கட்டத்தில் குறியிட வேண்டும். மைத்துனன் அதை விட்டுவிட்டான். "நான் படுத்த இடத்திலேயே சொன்னேனே, அது விசிறிச் சத்தந்தான் என்று. யார் கேட்டீர்கள்?" என்றாள் அம்மா, காலையில்.

இன்னொரு குறையும் உண்டு. நம் ஊரில் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், அனேகக் கம்ப்யூட்டர்களில் காவற்காரன் தன் உத்தரவை மறந்துவிடுகிறான். யாராவது கையால் ஒரு தரம் எழுப்பி, முறையாக அணைத்தால்தான் மறுபடி அவனுக்கு ஞாபகம் வரும். அதாவது, மறுபடியும் பதினேழு படி! மின்சாரம் திரும்பியதும் தானாகவே எழுந்துகொள் என்று பயாஸில் ஒரு கட்டளை கொடுத்து, வேலை இல்லாவிட்டால் இருபது நிமிஷத்தில் உறங்கிவிடு என்று விண்டோஸில் மற்றொன்றையும் கொடுத்து, ஒருவாறு சமாளித்திருக்கிறோம்.

இனி, எங்கள் வீட்டில் நடந்த பெரிய வாக்குவாதத்தைச் சொல்ல வேண்டும். பொத்தான் வீட்டுக்குள் வேலை செய்தது. காரியாலயத்திலிருந்து அந்தப் பக்கத்தை எப்படித் திறப்பது? "ரௌட்டரில் ஒரு துவாரம் போட்டால் போச்சு, அத்தான். வெளியிலிருந்து யார் தட்டினாலும் நேரே குட்டியிடம் போய்ச் சேரும். பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்துவிடுகிறேன்" என்றான் மைத்துனன். எனக்கு வசதியாகப் பட்டது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அம்மா ஒற்றைக் கையால் கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். "யார் தட்டினாலும் என்றால், யார் யார்?" என்று கேட்டாள்.

"உலகத்தில் யார் வேண்டுமானாலும் தட்டலாம், அத்தை. ஆனால் பாஸ்வேர்டு..."

"தெருக்கதவைத் திறந்து போட்டுவிட்டு, கூடத்து அலமாரியைப் பூட்டுகிறேன் என்கிறாய். உங்கள் மாமா காகிதமெல்லாம் மேலே அல்லவா இருக்கிறது?"

மைத்துனன் கொஞ்ச நேரம் பேசவில்லை. படித்த பிள்ளை, உண்மை எதிரில் வந்தால் ஒப்புக்கொள்கிறான். கம்ப்யூட்டரை யாரோ அயலான் எழுப்புவது மட்டுமானால் ஆபத்து சொற்பம், மின்சாரந்தான் வீண். ஆனால் நாம் அவசரத்தில் எழுதிய அந்தச் சின்னப் பக்கத்தில் ஒரு பிசகு இருந்தால் போதும். அதன் வழியாகக் குட்டிக்குள் புகலாம், குட்டியிலிருந்து வீட்டிலுள்ள மற்றவற்றுக்குத் தாவலாம். யார் வந்து தட்டப் போகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இன்டர்நெட்டில் உள்ள எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதே வேலையாக யந்திரங்களை ஓட விட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு மந்திரப் பொட்டலத்துக்குச் சாதாரணமாகப் பூட்டே கிடையாது. பெயர் தெரிந்தவன் கூப்பிட்டால் எழுந்துவிடும்.

கடைசியில் துவாரம் போடவில்லை. 'வி.பி.என்.' என்கிற அந்தரங்க வழி ஒன்றை ஏற்படுத்தினான். என் போனிலும் காரியாலயக் கம்ப்யூட்டரிலும் ஒரு சாவி. குட்டியிடம் அதற்கு ஜோடி. சாவி இல்லாதவன் வந்து தட்டினால், அங்கே ஒரு கதவு இருப்பதாகவே தெரியாது. பல வீடுகளுக்கு இன்டர்நெட்டில் தனி விலாசமே கிடையாது, ஒரே விலாசத்தைப் பல வீடுகள் பங்கு போட்டுக் கொள்கின்றன; அப்படிப்பட்டவர்களுக்கும் 'டெயில்ஸ்கேல்' போன்ற ஏற்பாடுகள் இருக்கின்றன. இதற்கு ஒரு மத்தியானம் செலவாயிற்று. துவாரம் போட்டிருந்தால் பத்து நிமிஷந்தான். தாங்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு உற்சாகமாகக் கிளம்புவதானால், அந்த மத்தியானத்தை மட்டும் சிக்கனம் பண்ணாதீர்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மைத்துனன் ஊருக்குப் போய்விட்டான். நான் காரியாலயத்திலிருந்து முதல் முறையாகப் பொத்தானை அழுத்தினேன். நாற்பது விநாடியில் பச்சைப் புள்ளி. வேண்டிய காகிதத்தை எடுத்துக்கொண்டேன். வீட்டில் ஒருவரும் ஒரு படிகூட ஏறவில்லை. எனக்கு ஏகப் பெருமை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் சென்றது.

எட்டாவது நாள் மாலை நாலேகால் மணிக்கு என் போன் அடித்தது. அம்மா.

"ஏண்டா, ஆபீஸில் வேலை ஒன்றும் இல்லையா?"

"தலைக்கு மேல் இருக்கிறது அம்மா. ஏன்?"

"இல்லை, இந்த வாரம் பூரா கம்ப்யூட்டர் வேண்டியிருக்கவில்லையே என்று பார்த்தேன்."

"நானேதான் இங்கிருந்து எழுப்பிக் கொள்கிறேனே! இனிமேல் உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்."

"ஓ" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டாயா?" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் நான் வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு அம்மாவின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முகப்பிலேயே வைத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டவிழ்த்த கையின் ஆள்காட்டி விரலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள். மாடியில் விசிறி சுற்றியது. புள்ளி பச்சையாகிற வரையில் போனையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் நான் அழுத்துவதில்லை. நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் போன் அடிக்கும்.

"பையன் எழுந்துவிட்டான். பச்சை வந்துவிட்டது. சாப்பிட்டாயா?"

நேற்று எனக்கு அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வேலையும் இல்லை. அதை நான் சொல்லவில்லை.